கோவளத்தில் ஏலம் போன தங்கக் கடிகாரம்

1

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சேலையூரில் ஒரு பல் கிளினிக்கில், வாயைப் பிளந்தபடி சாய்ந்து கிடந்தபோது காதில் விழுந்தது. சொன்னவர் டாக்டர் புஷ்பலதா. எனக்கு ரூட் கெனால் செய்துகொண்டே சொன்னார். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியாத எழுத்தாளனிடம் கதை சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். கதை கோவளம் கடற்கரைக்கு வந்தபோது அவர் குரலும் ட்ரில்லும் சேர்ந்தே உயர்ந்தன. பயத்தில் எனக்கு வியர்த்தது. ஆனாலும் நிறுத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

2

எப்படித் தொடங்குவது?

“தங்கத்துக்குள் ஒரு இதயம் துடிக்கும் என்றால்…” (வேண்டாம். நகைக்கடை விளம்பரம்.)

“மேற்படி தம்பதியர் தாம்பரம் பகுதியில்…” (இது போலீஸ் ஸ்டேஷன்.)

நேராகவே சொல்கிறேன். புஷ்பலதாவும் அவர் கணவர் எழிலும் பழைய தங்கக் கைக்கடிகாரங்கள் சேர்க்கிறார்கள். எழில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா மாட்டிக்கொடுக்கிறவர். சொந்தக்காரர்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கிப் போட, இவர்கள் வருஷத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கி லாக்கரில் வைத்தார்கள். 2040 வரை விற்பதில்லை என்று பேச்சு.

இதில் என்ன கணக்கு? தங்கம் விலை ஏற ஏற, பலர் பழைய கடிகாரங்களை உருக்கிவிடுகிறார்கள். ஒன்று உருகும்போதெல்லாம் மிச்சமிருப்பவை அபூர்வமாகின்றன. “தங்கம் கைவிட்டாலும் கடிகாரம் காப்பாத்தும். கடிகாரம் கைவிட்டா தங்கம் காப்பாத்தும்” என்றார் டாக்டர். நான் “ஆ” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

3

கங்கம்மா சென்னையை அடுத்த கோவளத்துக்காரர், கரையில் மீன் ஏலம் விடுபவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவர், பேச்சுவாக்கில் பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். அவர் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. அதை விற்று, மீன் ஏற்ற ஒரு லோடு ஆட்டோ வாங்க வேண்டும்.

பல்லைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோடே புஷ்பலதா அதன் முதுகைப் பார்த்தார். பதினெட்டு காரட் முத்திரை. பாலிஷ் படாத தங்கம். சாவி கொடுத்ததும் ஓடியது. பல் பிடுங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

“எனக்கே குடுத்துடுங்கம்மா.”

“இன்னா டாக்டரம்மா, தாம்பரத்துல பழைய தங்கம் வாங்கற ஷ்யாம்சுந்தர் சாரும் கேட்டுகினு கீறாரு. ஞாயித்துக்கெழம கரைக்கு வாங்க. மீனு முடிஞ்சதும் இத்த ஏலம் வுடறேன்.”

ஷ்யாம்சுந்தர் வாங்கினால் அது அந்த வாரமே உருகிவிடும். புஷ்பலதாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

4

(இந்தப் பகுதியை நிதானமாக எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை.)

திட்டம் எழிலுடையது. “ஒண்ணா நின்னா நம்ம ஆசை தெரிஞ்சிடும் லதா. நீ முன்னாடி நின்னு கேளு. நான் ஐஸ் பெட்டி பக்கம் நிக்கிறேன். லிமிட்டைத் தாண்டாத.”

ஞாயிற்றுக்கிழமை கரையில், கவிழ்த்த கூடை மேல் கடிகாரம் மின்னியது. மீன் வாங்க வந்த கூட்டம் முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது. ஒரு விரல் காட்டினால் ஆயிரம் ஏறும். ஷ்யாம்சுந்தர் காட்டினார், புஷ்பலதா காட்டினார், மறுபடி அவர். விலை தங்கத்தின் எடையைத் தாண்டியதும் ஷ்யாம்சுந்தர் தலையை ஆட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி காரை நோக்கி நடந்தார். கூட்டத்தில் அதை இவர்கள் இருவருமே கவனிக்கவில்லை.

புஷ்பலதா மூச்சு வாங்க ஒரு கணம் நின்றார். அவள் விட்டுவிட்டாள், இனி உருக்கிவிடுவார்கள் என்று பதறி, எழில் பின்னாலிருந்து விரலை உயர்த்தினார்.

“அந்தாண்ட ஏறிடிச்சி!” என்று கத்தினார் கங்கம்மா.

விடுவாரா டாக்டர்? இரண்டு விரல்!

“இந்தாண்ட ரெண்டு!”

பின்னாலிருந்து மூன்று! முன்னாலிருந்து ஐந்து! லிமிட் எப்போதோ போய்விட்டது. அலைச் சத்தமே கேட்கவில்லை என்றார் டாக்டர். எழில் ஒரு கையின் ஐந்து விரல்களையும் விரித்தார்.

“ஒரு தரம்! ரெண்டு தரம்!”

இப்படி ஏற்றும் பாவி யார் என்று பார்க்க எழில் ஐஸ் பெட்டி மேல் ஏறினார். அதே நேரத்தில் புஷ்பலதா திரும்பினார்.

“எழில், நீயா?”

“லதா… நீயா?”

“இன்னாது, ரெண்டு பேரும் ஒரே வூடா?” என்றார் கங்கம்மா. கரையே சிரித்தது. “மூணு தரம்! அண்ணாத்தைக்குத்தான்!”

5

என் முதல் வரைவில் கங்கம்மா மனமிரங்கி, ஷ்யாம்சுந்தர் விட்ட விலைக்கே கடிகாரத்தைக் கொடுத்தார். படித்துப் பார்த்த டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பொய் எழுதாதீங்க சார். ‘ஏலம்னா ஏலம்தான் டாக்டரம்மா’ன்னாங்க. ஒரு ரூபா விடல. விட்டிருந்தா எனக்கே பிடிச்சிருக்காது.”

திரும்பும் வழியில் கேளம்பாக்கத்தில் டீ குடிக்க நின்றபோது எழில் தன் ஐந்து விரல்களையும் மெதுவாக விரித்துக் காட்டினார். சிரிப்பில் டீ கொட்டி புஷ்பலதாவின் சேலை பாழானது.

(டாக்டருக்குத் தெரியாத ஒன்று. கிளினிக் வரவேற்பறைச் சுவரில் அவர்களுடைய கல்யாண போட்டோ மாட்டியிருக்கிறது, ஆளுயரத்துக்கு. பல் பிடுங்க வந்த அன்று கங்கம்மா அதற்கு எதிரே வெகுநேரம் காத்திருந்திருக்கிறார். நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.)

6

முடிவு?

2040இல் பெரிய விலைக்கு விற்று, இருவரும் கப்பல் ஏறி ஊர் சுற்றுவதாக ஒன்று எழுதினேன். சந்தையே சரிந்து, கடைசியில் ஷ்யாம்சுந்தரிடமே எடைக்குப் போடுவதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தேன். தவணை முடியாத முதலீட்டுக்கு நான் எப்படி முடிவு எழுதுவது?

போன வாரம் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மேடவாக்கம் சிக்னலில் எனக்கு முன்னால் அவர்கள் ஸ்கூட்டர். அந்தக் கடிகாரங்களைக் கையில் கட்டவே கூடாது என்பது எழில் போட்ட சட்டம். ஒரு கீறல் விழுந்தாலும் மதிப்பு குறைந்துவிடுமாம். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த புஷ்பலதாவின் மணிக்கட்டில் அந்தக் கோவளம் கடிகாரம் தொளதொளவென்று தொங்கிப் பளபளத்தது.

எழிலின் போன் ஹேண்டில்பாரில்தான் மாட்டியிருந்தது. திரையில் பெரிய எழுத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பிக் கேட்டார்:

“மணி என்ன லதா?”

புஷ்பலதா கையைத் திருப்பி, வெயிலுக்கு மறைத்துப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பச்சை விளக்கு விழுந்தது. அவர்கள் வேளச்சேரி பக்கம் விரைந்தார்கள். பின்னால் ஒரு தண்ணீர் லாரி எனக்கு ஹாரன் அடித்தது.

அதை விற்பார்களா? உங்களுக்கு 2040 வரை நேரமிருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.