அக்காவின் குரலுக்கு அப்டேட்

...அழுத்தினது நான்தான், அதில் சந்தேகமே இல்லை, அக்கா கடைக்குப் போன ஒரு மணி நேரத்தில் அவள் லேப்டாப்பில் என் மெயிலைப் பார்க்க உட்கார்ந்தவன், மூலையில் அப்டேட் அப்டேட் என்று கெஞ்சிய செய்தியைச் சும்மா விட்டிருக்கலாம், இருபது வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவனுக்குப் பொத்தானைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா... இப்போது மணி நாலு, ஐந்துக்கு அவளுக்கு ஆன்லைனில் கணித வகுப்பு, ஆறு பிள்ளைகள், அக்கா டைப் செய்கிறாள், எழுத்து ஓடுகிறது, சத்தம் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷனில் அவள் குரல்வளையை எடுத்தபோது நான் எழுதிக்கொடுத்த புரோகிராம், அவள் டைப் செய்வதை இது பேசும், சிஸ்டத்திடம் 'இதைப் பேசு' என்று கேட்க அப்போது ஒரு வழி இருந்தது, இன்றைய அப்டேட்டில் அந்த வழியையே எடுத்துவிட்டார்கள், எடுக்கப்போகிறோம் என்று மூன்று வருஷமாகச் சொன்னார்கள், நானும் படித்தேன், அடுத்த மாசம் மாற்றிக்கலாம் என்றேன், முப்பத்தாறு அடுத்த மாசங்கள்... அக்கா பையோடு உள்ளே வந்ததும் வாயில் வந்தது என்ன? தானாவே அப்டேட் ஆயிடுச்சுக்கா. சீ, நரைத்த தலையோடு பூச்சாடியை உடைத்துவிட்டுப் பூனையைக் காட்டுகிற புத்தி, அவள் பேசாமல் என்னையே பார்த்தாள் (பேசாமல்! வேறெப்படிப் பார்ப்பாள்?), அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை, நான்தான் அழுத்தினேன் என்று உளறிவிட்டேன். கோபமாக்கா என்றேன். தோளைக் குலுக்கினாள். மறுபடி கேட்டேன். ஒரு காகிதத்தில் 'டீ?' என்று எழுதி நீட்டினாள்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது, பழைய புரோகிராமைப் பிரித்து மேய நேரமில்லை, அதற்கும் புது சிஸ்டத்துக்கும் நடுவில் ஒரு துண்டுப் புரோகிராம் எழுதுகிறேன், பழைய சிஸ்டம் இன்னும் இருப்பதுபோல நடித்துப் பழைய புரோகிராம் கேட்பதை வாங்கிப் புதுசுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற துண்டு, பேச்சு வார்த்தை நின்றுபோன மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகனின் பிழைப்பு, இல்லாததை இருக்கிறது என்று சாதிக்க வேண்டும், பொய்தானே, அதில் எனக்கு இன்றைக்கே அனுபவம் உண்டு... பின்னால் அக்கா நாற்காலியில், மடியில் வடிவியல் புத்தகம், பக்கம் புரளவே இல்லை, மூன்றாவது தடவையாக, திரும்பாமலே, கோபமாக்கா, பதில் இல்லை, எப்படி வரும், குரலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பதில் சொல்லு பதில் சொல்லு என்கிறேனே, காகிதத்தில் எழுதிக் கோபப்பட முடியுமா, எழுதி முடிப்பதற்குள் எதிராளி ஒரு ஜோக் அடித்துவிடுவான், நான் அடித்துவிடுவேன்...

நாலு ஐம்பத்திரண்டு. ஓட்டிப் பார்க்க வேண்டும், அவசரத்துக்கென்று அன்றைக்கே நான் வைத்துக்கொடுத்த ஒன்பது பொத்தான்கள், ஒரே தட்டில் ஒரு வாக்கியம், நன்றி, சரி, கொஞ்சம் தண்ணி, பரவாயில்லை... விரல் போய் எதில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? ஸ்பீக்கரில் ஒரு புதுக்குரல், அப்டேட்டோடு வந்த இளம்பெண் குரல், தேனாக, பரவாயில்லை என்றது. பேசுதுக்கா என்று துள்ளித் திரும்பினேன், அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, அவள் வாயால் எனக்கு நானே மன்னிப்பு வழங்கிக்கொண்டேன், எட்டு வருஷம், ஒன்பது பொத்தான், 'வேண்டாம்' என்று ஒன்றுகூட நான் வைக்கவில்லை...

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டைப் செய்தாள், அழித்தாள், மறுபடி டைப் செய்தாள். ரயில் வரும் நேரத்தை அறிவிப்பது போல, அதே தேன் குரல்.

“கோபம்தான்டா. இது என் வாய். கை வைக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேளு.”