நீலமாகிப்போன நெல்வயல்

வயலில் உட்கார்ந்து தீட்டும்போது பச்சையாக இருக்கும் நெற்பயிர், படத்தை வீட்டுக்கு எடுத்துவந்து பார்த்தால் எப்படி நீலமாகிறது? செல்வகுமாரிக்கு இது விளங்கவேயில்லை.

முழு நீலம் என்று சொல்ல முடியாது. மயில்கழுத்து நிறச் சேலையைக் கொண்டுவந்து வயல் முழுக்க விரித்துப்போட்டதுபோல் ஒரு பச்சை. வரப்பு மண்கூடச் செம்மை வற்றிச் சாம்பலாகியிருந்தது. வானத்தைப் பற்றி மட்டும் புகார் இல்லை. நீலம் கூடினால் வானத்துக்கு என்ன கெட்டுப்போகும்?

புகார் சொன்னவர் சுவேதா. சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பகத்தின் ஆசிரியர்.

"கொக்கு சூப்பரா வந்திருக்கு மேடம். ஆனா அது கடல்ல நிக்குது" என்றார் போனில். "நாளைக்குள்ள ஒரு பக்கம் சரியா அனுப்பிட்டீங்கன்னா, மொத்தப் புத்தகமும் நீங்களே பண்ணுங்க. இல்லன்னா கோட்டோவியம் மட்டும் குடுங்க, கலர் இங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கறோம்."

கோட்டோவியம் மட்டும் என்றால் செல்வகுமாரிக்கு வேண்டவே வேண்டாம். அபிஷேகப்பாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணான அவள், பல வருடமாகப் பள்ளி கைடுகளுக்குக் கோடுதான் போட்டுக்கொண்டிருந்தாள். தவளையின் இதயம், செம்பருத்தியின் குறுக்குவெட்டு, அமீபா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்ணப்பெட்டியோடு வெளியே கிளம்பி, கண்ணில் படுவதை அந்த இடத்திலேயே உட்கார்ந்து தீட்டுவாள். அப்படித் தீட்டிய படங்களைப் பார்த்துத்தான் இந்தப் புத்தகம் தேடிவந்தது. இது கைநழுவினால் திரும்பவும் தவளைதான்.

இந்த போன் வருவதற்கு முன்பே ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தாள். முதலில் வீட்டு டியூப் லைட்டை. படத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள், அங்கேயும் நீலம். அடுத்து வண்ணத்தை. புது வண்ண டியூப் வாங்கித் தீட்டினாள், அதுவும் நீலம். தாளை மாற்றினாள். பயனில்லை. இத்தனைக்கும் அபிஷேகப்பாக்கத்தில், மோட்டார் கொட்டகைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து தீட்டிய படங்களில் நெல் பச்சையாகவே இருந்தது. அதே பெட்டி, அதே கை. புத்தகத்துக்காகக் கரிக்கலாம்பாக்கத்து வயலில் தீட்டிய படங்கள்தான் நீலம்.

கரிக்கலாம்பாக்கத்தை விடவும் முடியாது. மனைக்கல் நட்ட நிலத்தில் தன் வயலைத் தேடும் ஒரு கொக்கின் கதைதான் அந்தப் புத்தகம். ஒரு பக்கம் நெல், மறு பக்கம் வரிசையாக வெள்ளைக் கற்கள் என்று இரண்டும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் அங்கேதான் இருந்தது.

போன் வந்த மறுநாள் காலையிலேயே அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். மனை விற்கும் ராஜேஷ்குமார் கையாட்டினான். வில்லியனூர் கடைவீதிக் குடும்பத்துப் பையன். வாடிக்கையாளருக்காக நட்டுவைத்த பெரிய மஞ்சள் குடையை முதல் நாளே அவளுக்கு விட்டுக்கொடுத்தவன்.

"குந்துக்கா. நீ குந்தினு வரைஞ்சாதான் நாலு பேர் வண்டிய நிறுத்துறான். என் பேனர எவன் பாக்குறான்?"

உச்சிவேளைக்குள் பக்கம் முடிந்தது. பச்சை கச்சிதமாக வயலோடு பொருந்தியிருந்தது. எப்போதும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது, வீட்டுக்குப் போனால்தானே நீலமாகிறது என்று அலுத்துக்கொண்டபோது பசியும் வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தாள். வெயிலில் ஒரு குடும்பத்துக்கு மனை காட்டிவிட்டு வந்த ராஜேஷ்குமார் குடைக்குள் குனிந்து எட்டிப்பார்த்தான்.

"இன்னாக்கா, எலுமிச்ச சாதமா?"

"தயிர் சோறுப்பா."

"யார ஏமாத்துற? மஞ்சளா இருக்குது. ஒரு வாய் கேட்டுடுவேன்னு பயமா?"

"கண்ணாடி போடுடா. வெள்ளவெளேர்னு..." என்று சொல்லவந்தவள், பாக்ஸைக் குடை நிழலுக்கு வெளியே நீட்டினாள். வெள்ளை. உள்ளே இழுத்தாள். மறுபடி நீட்டினாள்.

"சாப்புடுக்கா, இன்னாத்துக்கு சோத்துக்கு ஆரத்தி காட்டுற?"

அவள் வெறும் தாள் ஒன்றை எடுத்துப் பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாகப் பிடித்தாள். வெயிலில் இருந்த பாதி பாலாக இருந்தது. நிழலில் இருந்த பாதி நெய் தடவியதுபோல் இருந்தது.

நடந்தது இதுதான். மஞ்சள் துணி வெயிலை வடிகட்டி, தாளின்மேல் மஞ்சள் வெளிச்சத்தை விழவைக்கிறது. வயலோ குடைக்கு வெளியே, வெறும் வெயிலில் இருக்கிறது. தாளில் வைக்கும் பச்சை வயலைவிட மஞ்சளாகத் தெரிவதால், அதைப் பொருத்திக் கொண்டுவர அவள் கை தானாகவே நீலத்தைக் கூட்டிவிடுகிறது. குடை தந்த மஞ்சள் குடையடியிலேயே நின்றுவிட, அவள் கூட்டிய நீலம் மட்டும் வீடுவரை வந்திருக்கிறது. இது ஏன் அவளுக்குத் தெரியவில்லை? மஞ்சள் பல்பு எரியும் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது எல்லாம் மஞ்சளாகத் தெரியும்; சற்று நேரத்தில் கண் பழகி, வெள்ளை வேட்டி வெள்ளையாகிவிடும். அவள் கண் காலையிலிருந்து பழகிய கண். ராஜேஷ்குமாருடையது வெயிலிலிருந்து நேராக வந்த கண்.

"உன்கிட்ட வேற குடை இருக்குதா?"

"ஸ்கூட்டர் டிக்கில கறுப்புக் குடை ஒண்ணு கெடக்கு. கம்பெனிக் குடைக்கு இன்னா கொறச்சல்?"

"குடைக்கு ஒண்ணுமில்ல. என் நெல்லத்தான் கடலாக்கிடுச்சி."

கறுப்புக் குடையை மனை எண் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாள்.

"அந்தக் கம்பத்துல வேணாங்க்கா! மனை வித்துடுச்சின்னு நெனச்சிக்குவாங்க."

"நல்லதுதானப்பா. மீதிய அடிச்சிப் புடிச்சி வாங்குவாங்க."

அவன் யோசித்துப் பார்த்து, முடிச்சை இன்னும் இறுக்கிக் கொடுத்தான்.

புதுத் தாளில் அதே பக்கத்தை மறுபடி தீட்டினாள். இம்முறை நீலத்தை அதிகம் தொட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று தாளைத் திருப்பினாள். நெல், நெல்லின் நிறத்தில் இருந்தது. வரப்பு மண்ணில் செம்மை திரும்பியிருந்தது. அனுப்பிவைத்தாள். பதில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வந்தது: "கொக்கு கரையேறிடுச்சு மேடம். மொத்தமும் நீங்களே பண்ணுங்க."

திறந்தவெளியில் படம் தீட்ட நிழல் வேண்டும். ஆனால் அந்த நிழலுக்கு நிறம் இருக்கக் கூடாது. நிறமுள்ள துணி தன் நிறத்தைத் தாளில் கொட்டும். கறுப்புக் குடை தன் வழியாக எந்த வெளிச்சத்தையும் விடாது. பக்கவாட்டில் வரும் சாதாரணப் பகல் வெளிச்சம் மட்டும் தாளில் விழும். அதனால் கறுப்புக் குடையின்கீழ் தீட்டினால், வயலில் பார்த்த பச்சை வீட்டிலும் பச்சையாகவே இருக்கும்.