முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய்

டாக்குரியா ஃப்ளாட் வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்று கமிட்டிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போன ஆயுத பூஜைக்கு வசுமதி உடைத்ததில் மூன்றாம் மாடி வங்காளி தாஸ்பாபு வழுக்கி விழுந்து ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அதனால் லேக் மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய வெள்ளைப் பூசணிக்காய், உடைபடாமல் புதுக் காரின் டிக்கியில் ஏறி, புருலியா மலை வரைக்கும் வந்துவிட்டது. வசுமதிக்கு மனசே ஆறவில்லை. வண்டி எடுத்துப் பதினைந்து நாள், அதற்குள் எத்தனை பேர் கண் பட்டதோ.

பட்டுத்தான் இருந்தது என்று அன்று சாயங்காலமே அவளுக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. ஜோடாடுங்ரி வனக் காப்பகத்துக்கு ஏறும் பாதையில், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், வண்டியின் பின்சக்கரம் விளிம்பை விட்டு நழுவியது. ஒரு பாறாங்கல் தடுத்திருக்காவிட்டால் மூன்று பேரும் பள்ளத்தில்தான். அவள் கணவர் முத்துகிருஷ்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு அண்டக் கல் வைத்தார். பின்சீட்டில் பதினேழு வயது மகள் சாதனா வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தங்கின லாட்ஜிலிருந்து மூவரும் அருவி பார்க்கக் கிளம்பினார்கள். அருவிக்கு ஒன்று, நீர்த்தேக்கத்துக்கு ஒன்று, கீழே கிராமத்துக்கு ஒன்று என்று பாதை மூன்றாகப் பிரியும் இடம் வந்தது. திருஷ்டி கழிக்க இதைவிட நல்ல முச்சந்தி எங்கே கிடைக்கும்? ஓரத்தில் ஒரு டீக்கடை. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். வசுமதி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி டிக்கியைத் திறந்தாள்.

காயில் துளை போட்டு, குங்குமத்தைக் கொட்டிக் குழைத்து, மேலே கற்பூரம் ஏற்றி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினாள். பானெட்டில் குங்குமப் பொட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அலிப்பூரில் ஒரு அரசு அலுவலகத்தையே அதட்டி வேலை வாங்குகிற அம்மாள், இதில் மட்டும் ஒரு குறை வைக்க மாட்டாள். தலைக்கு மேலே தூக்கி ஓங்கிப் போட்டாள். காய் சிதறி, சிவப்புச் சதை டீக்கடைப் படி வரைக்கும் தெறித்தது.

"மா, அந்தக் கடைக்காரி வழுக்கி விழுவா. ஓரமா தள்ளிட்டுப் போலாமே," என்றாள் சாதனா.

"திரும்பிப் பார்க்கப்படாது. பேசாம வண்டில ஏறு."

ஏறினார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காப்பகத்து கேட்டில் வனத்துறை வழிகாட்டி கௌசிக் ஏறிக்கொண்டான். முப்பது வயது, பக்கத்து ஊர்க்காரன். பலகையில் ஐந்து இடங்கள் எழுதியிருந்தன. அருவியும் உச்சிப்பாறையும் பார்த்தார்கள். உச்சிப்பாறையிலிருந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாகச் சால் மரக் காடு. சாதனா படம் எடுத்துத் தள்ளினாள். முத்துகிருஷ்ணனுக்குக்கூட முகம் தெளிந்திருந்தது. கௌசிக் மட்டும் சரியாகவே இல்லை. கேட்டதற்கு, கீழே கிராமத்தில் நேற்று ஒரு குழந்தை காய்ச்சலில் போய்விட்டது, இன்னொன்றுக்கு விடியற்காலையிலிருந்து வலிப்பு என்றான். த்சு த்சு, பாவம் என்றாள் வசுமதி. கொண்டுவந்த தயிர்சாதத்தில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்தாள்.

பத்தரை மணிக்குத் திரும்பும்போது முச்சந்தியில் கூட்டம். கல்யாண ஊர்வலமோ என்று முத்துகிருஷ்ணன் ஹார்ன் அடித்தார். யாரும் நகரவில்லை. ஆட்களின் கால்களுக்கு நடுவே ஒரு பெண் தரையில் கிடந்தாள். ஒருவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றி இழுத்தான். இன்னொருவன் மூங்கில் தடியை இரண்டு கையாலும் பிடித்து, நெல் அடிப்பது போல நிதானமாக அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான். அடுப்பு கவிழ்ந்து கிடந்தது. பாலும் குங்குமமும் கலந்து ஓடின.

கௌசிக் இறங்கி, ஓரத்தில் நின்ற ஒருவனிடம் விசாரித்துவிட்டு ஓடிவந்து ஏறினான். "ரஞ்சனாதி. டீக்கடை ரஞ்சனா அக்கா. டைனி, சூனியக்காரின்னு சொல்றாங்க. அவ வாசல்ல ரத்தம் பூசின காய் கிடந்ததாம். அவ கையெல்லாம் சிவப்பாம். அதை அள்ளிட்டு இருக்கும்போது பிடிச்சாங்களாம்."

ஏன் அள்ளினாள் என்று வசுமதிக்குத் தெரியாதா? பைக்கில் வருகிறவன் எவனும் வழுக்கி விழக் கூடாதே என்று, அந்தப் பாவி வெறுங்கையால் அள்ளியிருக்கிறாள்.

முத்துகிருஷ்ணன் கதவுகளைப் பூட்டினார். கௌசிக் போலீசுக்குப் போன் போட்டான். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகுமாம்.

"அதுக்குள்ள அவளைக் கொன்னுடுவா," என்றாள் வசுமதி. "ஏன்னா, நான் இறங்கறேன்."

"பைத்தியமா உனக்கு? பின்னாடி பொண்ணு உக்காந்திருக்கா."

தடி மறுபடி இறங்கியது. இந்தத் தடவை விரல்கள் மேல். எலும்பு முறிகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்டது. வசுமதி பூட்டை விடுவித்து இறங்கிவிட்டாள்.

கூட்டத்துக்குள் புகுந்து ரஞ்சனாவின் மேலே குனிந்தாள். அவளுக்கென்று ஓங்கிய தடி இவள் தோளில் விழுந்தது. பொறி கலங்கிவிட்டது. "நான்தான் உடைச்சேன். என் காய். இவளுக்கு ஒண்ணும் தெரியாது," என்று வங்காளியில் கத்தினாள். பிறந்ததிலிருந்து பேசுகிற வங்காளி, அன்றைக்கு அதுவும் திக்கித் திக்கித்தான் வந்தது.

தடிக்காரன் நின்றான். இறந்துபோன குழந்தைக்கு அப்பன் அவன்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "கார்ல வர்ற பெரிய மனுஷி நீ. நீ எதுக்குச் சூனியம் வைக்கணும்?" என்று கேட்டுவிட்டு, காரைப் பார்த்து, "பாபு, இது உங்க வேலையா?" என்றான்.

முத்துகிருஷ்ணன் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார். "இல்லப்பா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்கு மனசு சரியில்ல. அவளை மட்டும் விட்டுடுங்க," என்று கைகூப்பினார்.

இருபத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த நிமிஷம் வசுமதிக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அவர் சொன்ன உடனே இன்னொருத்தன் ரஞ்சனாவின் விலாவில் உதைத்தான். அவள் வாயிலிருந்து ரத்தம் வந்தது.

வசுமதி தவழ்ந்து எழுந்து, காரை நோக்கி ஓடி, பானெட்டில் படார் படார் என்று அறைந்தாள். "இதைப் பாருங்கோ. இந்தப் பொட்டு யாரு வச்சது? டயரைப் பாருங்கோ, எலுமிச்சம்பழம் ஒட்டிண்டிருக்கு பாருங்கோ." பாதி தமிழ், பாதி வங்காளி. டிக்கியைத் திறந்து, மீதிக் குங்குமப் பொட்டலத்தை எடுத்து அவர்கள் காலடியில் கொட்டினாள்.

இப்போது நம்பினார்கள். நன்றாகவே நம்பினார்கள். முதல் கல் முன்கண்ணாடியை நொறுக்கியது. முத்துகிருஷ்ணனைச் சட்டையோடு வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அவர் மூக்கு உடைந்தது, இரண்டு பல் போயிற்று. கௌசிக் சாதனாவை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். குழந்தையைப் பறிகொடுத்தவன் வசுமதியைத்தான் தேடி வந்தான். அவள் ஓடவில்லை. ஓடினால் அவர்கள் மறுபடி கீழே கிடப்பவளிடம் போவார்கள் என்று பயந்து, காரில் சாய்ந்து நின்றாள். அவன் அடித்த அடியில் அவள் வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. இரண்டாவது அடி தலையில். பிறகு போலீஸ் ஜீப் வந்தது என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

புருலியா ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஒரே வார்டுதான். நாலாம் நாள், மாவுக்கட்டுக் கையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ரஞ்சனாவின் கட்டிலுக்கு வசுமதி போனாள். அவளுக்கு இரண்டு கையும் கட்டு, தலையில் பதினெட்டுத் தையல், விலாவில் மூன்று எலும்பு முறிவு. பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையை வைத்து இனி ஒரு கிளாஸ்கூடப் பிடிக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். காப்பாற்றிவிட்டோம் என்று வசுமதிக்கு மனசில் ஒரு மூலையில் ஆறுதல் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"பௌதி, அது என்ன காய்? எதுக்கு உடைச்சீங்க?" என்று, அண்ணி முறை வைத்து, ரஞ்சனா வங்காளியில் கேட்டாள்.

வசுமதி சொன்னாள். புது வண்டி, கண் பட்டிருந்தது, பள்ளத்தில் விழப் பார்த்தது. அந்தக் கெடுதலை எடுத்துப் போடத்தான் உடைத்தோம் என்றாள்.

"எடுத்துப் போட்டா, அது எங்க போகும்?"

காற்றோடு போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடிபட்டுக் கிடக்கிறவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"யார் அதை மிதிக்கிறாங்களோ, அவங்க மேல போகும்னு சொல்லுவாங்க."

ரஞ்சனா தலையை மெல்லத் திருப்பினாள். "நான் அங்கதான இருந்தேன். அடுப்பு ஊதிட்டு இருந்தேன். நீங்க பாக்கலையா?"

"பார்த்தேன்," என்றாள் வசுமதி.

ரஞ்சனா நர்சைக் கூப்பிட்டாள். இந்த அம்மாவை இங்கேயிருந்து போகச் சொல்லுங்க என்றாள்.