கயிற்றைத் தொடாதே, ஜெராட்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்குப் போகும் பகல் பஸ். பக்கத்தில் இருந்தவன் அந்த வெக்கையிலும் இரண்டு கையிலும் வெள்ளை உறை போட்டிருந்தான். பள்ளிக்கூடத்து பேண்ட் வாத்தியப் பிள்ளைகள் போடுகிற உறை. பிஸ்கட் பக்கற்றை என்னிடம் நீட்டி, "இத ஒருக்கா உடைச்சுத் தாங்கவன்" என்றான். உடைத்துக் கொடுத்தேன். பெயர் ஜெராட் என்றான். தம்புள்ளையில் நான் இறங்கும்வரை அவன் வாய் மூடவில்லை. அவன் சொன்னதில் பாதியைத்தான் எழுதுகிறேன். மீதியில் புளுகு கலந்திருந்தது. [என்னுடைய புளுகு எங்கே கலந்திருக்கிறது என்று கேட்காதீர்கள்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்குடாக் கடலை வெறித்துப் பார்த்தபடி நின்றான் ஜெராட். அலைகள் அவன் மனதைப் போலவே—

வெட்டிவிட்டேன். வலை இழுக்கிறவன் கடலை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்ப்பான். பிறகு வெற்றிலையைத் துப்புவான்.

2

விஷயம் சின்னது. ஜெராட்டின் மனைவி ஷெரோன் கனடாப் பிரஜை. கல்குடாவில் கலியாணம் முடித்து, ஒரு மாதம் அவனோடு இருந்துவிட்டு அங்கே திரும்பிப் போனாள். போன கையோடு புருசனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டாள். கலியாணப் படம், சாட்சிக் கடிதம் எல்லாம் சரி. கைரேகை கொடுக்க ஜெராட் கொழும்புக்குப் போனான். கண்ணாடித் தட்டில் விரலை வைத்தான். ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தான், அழுத்தி வைத்தான். ஒன்றுமில்லை. சின்ன வயதிலிருந்து கயிறும் உப்புத் தண்ணீரும் தின்ற விரல்கள், கூழாங்கல்லாட்டம் வழுவழுத்துக் கிடந்தன.

"கைக்குக் கொஞ்ச நாள் ஒரு வேலையும் குடுக்காதீங்க. தோல் வளந்த பிறகு வாங்க" என்று அங்கிருந்த பெண் சொல்லி அனுப்பினாள்.

(இந்த இடத்தில் உழைப்பாளியின் தேய்ந்த ரேகை பற்றி உருகி ஒரு பத்தி எழுதினேன். உழைக்காதவர் எழுதியது போல இருந்தது. என் அப்பா மூட்டை தூக்கினவர். அவர் கையைப் பார்த்து வீட்டில் யாரும் உருகியதில்லை. அடி விழுந்தால் வலிக்கும், அவ்வளவுதான்.)

3

ஜெராட்டின் தாய் செசீலியாவை எழுதுவதில் எனக்குத் தடுமாற்றம். முதல் வரைவில், மகன் பிரியப்போகிறான் என்று அழுதாள். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த செசீலியா அழுகிற ஆளில்லை. மகனின் கையில் தேங்காய் எண்ணெய் பூசி, பேண்டில் மேளம் அடிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் உறையை இரவல் வாங்கி மாட்டிவிட்டாள். இறால் உரிக்கத் தடை. விறகு கொத்தத் தடை.

"மனே, உறையக் கழட்டினியோ, அகப்பைக் காம்பாலதான் வாங்குவாய்!"

"அப்ப சோத்த ஊட்டி விடுங்கவன் அம்மா."

"கரண்டி இரிக்கி. தின்னு."

வெளியே போனால் கூட்டாளிமார்: "டேய், மாப்பிள்ள மருதோண்டி போட்டிரிக்கான்டா!"

ஷெரோன் தினமும் வீடியோவில் வருவாள். "கையக் காட்டுங்க. கிட்டக் காட்டுங்கவன். ம், இன்னும் காணாது. முகம் தேவல்ல, விரலக் காட்டுங்க."

"அவ என்னோட இல்ல, என்ட விரலோடதான் குடும்பம் நடத்துறா" என்றான் ஜெராட்.

4

இனி வருவதை நான் கற்பனை செய்திருந்தால் வெட்டியிருப்பேன்.

மறுபடி கொழும்புக்குப் போக இரண்டு நாள் இருக்கையில், சும்மா பார்க்க என்று கரைக்குப் போனான். வலை முதலாளி தோமஸ் சம்மாட்டியின் கரைவலை* வந்துகொண்டிருந்தது.

* கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரைக்கு இழுப்பது. எங்கள் கரையில் ஒரு வழக்கம்: இழுவை இறுகும்போது, பக்கத்தில் நிற்கிற ஆம்பிளை கை கட்டி நிற்கக்கூடாது. வழியில் போகிறவனும் பிடிப்பான். பிடிக்காதவனின் பெயர் பிறகு பெயராக இராது.

ஜெராட் பார்த்தான். பொறுக்கவில்லை. கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினான். உறை போட்ட இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, பொலிசில் சரணடைந்தவன் மாதிரிப் பின்னால் நடந்து இழுத்தான். கரையே சிரித்தது.

"கயித்தத் தொடாத ஜெராட்! உன்ட பொண்டாட்டி என்னக் கொல்லுவாள்!" என்று கத்தினார் தோமஸ்.

"தொடல்லயே! இடுப்புக்கும் விசா கேக்கிறாங்களா?"

அப்போதுதான் முன்னால் நின்ற இரண்டு பேர் அலையில் சறுக்கி விழுந்தார்கள். இடுப்புச் சுற்று அவிழ்ந்து, கயிறு கடலுக்குள் ஓடியது. ஜெராட்

[இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.]

பிடித்தான். இரண்டு கையாலும். உறை கிழிந்தது.

5

மூன்று முடிவு எழுதினேன்.

(அ) ரேகை விழுகிறது. விமான நிலையம், பனி, கட்டிப்பிடிப்பு. இனிப்புக் கூடிவிட்டது.

(ஆ) விழவில்லை. ஷெரோன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்குடாவுக்கு வந்து— அவள் ஏன் விட வேண்டும்?

(இ) கயிறு ஓடுகிறது. ஜெராட் பிடிக்காமல் கையை எடுத்துக்கொள்கிறான்.

நடந்ததைச் சொல்கிறேன். தம்புள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் ஷெரோன் அழைத்தாள். போனை நான்தான் பிடித்திருந்தேன். புது உறையைக் கழற்றிக் காட்டினான். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. விரல் நுனிகளிலும் தோல் உரிந்திருந்தது.

"கயிறு பிடிச்சீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஓம்" என்றான்.

"நாளைக்குத்தானே ரேகை?"

"ஓம்."

"பிடிக்காம விட்டிருந்தா?"

"கயிறு வலையோட போயிரிக்கும். பதினஞ்சு குடும்பம் சாப்பிடுற வலை."

"மீன் பட்டதா?"

"பாரை! பெட்டி பெட்டியா!"

"எனக்கு ஒரு துண்டும் இல்ல" என்று சிரித்தாள். பிறகு, "நாளைக்கு விழாட்டி, திரும்ப வளருங்க. நான் எங்கயும் போகல்ல. முகத்தக் காட்டுங்க இப்ப."

நான் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. அவனுடைய நம்பரை வாங்க மறந்தேன்.

ஆகவே நாளைக் காலையை உங்களிடம் தருகிறேன். விரல் கண்ணாடியில் இருக்கிறது. ரேகையை விழுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். பனியில் இறக்குங்கள், அல்லது இன்னொரு மாதம் கரண்டியால் சோறு தின்ன வையுங்கள். ஆனால் (இ)யை மட்டும் எடுக்காதீர்கள். அந்த ஜெராட்டை ஷெரோன் கலியாணம் முடித்திருக்கமாட்டாள்.