ஊமை மணியின் கயிறு

டர்ஹாம் கல்லூரி ஜிம்மில் டங்கன் தூக்கும் எடையைப் பெர்சிவலால் உருட்டக்கூட முடியாது. ஆனால் டாம்சின் பார்ப்பது பெர்சிவலைத்தான். அவனுக்கு லத்தீன் தெரியும்.

"மசில்னா லத்தீன்ல குட்டி எலி. டங்கன் கையைப் பாரு, தோலுக்கடியில எலி ஓடுற மாதிரி இல்ல?" என்பான். டாம்சின் சிரிப்பாள். எலி டங்கனுடையது, சிரிப்பு மட்டும் பெர்சிவலுக்கு. டிரெட்மில் அந்தக் காலத்துச் சிறைத் தண்டனை என்று அவன் சொன்னபோது அதில் ஓடிக்கொண்டிருந்தவனும் டங்கன்தான்.

டாம்சின் மாணவர் மணிக்குழுவின் தலைவி. தேவாலயக் கோபுரத்தில் அவள் பக்கத்துக் கயிற்றுக்கு ஆள் இல்லை. சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு மணியடிக்க வேண்டும். கல்லூரிப் பருவம் தொடங்கியதிலிருந்து மணியடிக்கப் பழகிவரும் பெர்சிவல், டங்கன் இருவரில் யார் நன்றாக இழுக்கிறானோ அவனுக்கு அந்த இடம் என்று வியாழன் பயிற்சிக்கு வரச் சொன்னாள்.

அக்கம்பக்கத்தார் காது பாவம் என்று பயிற்சியன்று மணியின் நாக்கைக் கட்டிவிடுவார்கள். பெர்சிவல் சும்மா இருப்பானா? சத்தம் வராத மணிக்கயிற்றை இழுத்து உடம்பை வளர்த்த பழக்கத்தில்தான் டம்பெல்லுக்கே அந்தப் பெயர், டம் என்றால் ஊமை என்று ஆரம்பித்தான். டாம்சின் வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். டங்கனுக்கு வயிறு எரிந்தது. தினமும் அதைத் தூக்குபவன் அவனல்லவா?

பெர்சிவல் பூனையைத் தடவுவது போல இழுத்தான். மணி சொன்ன பேச்சு கேட்டது.

அடுத்து டங்கன். மணியின் எடையே வேலையைப் பார்த்துக்கொள்ளும், பலத்தைக் காட்டி இழுக்காதே என்று டாம்சின் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அவன் பருவம் முழுக்கச் சேர்த்துவைத்த எரிச்சலோடு இழுத்தான். மேலே மணியைத் தடுக்கும் கட்டை முறிந்தது. மணி நிற்காமல் சுழல, கயிறு விர்ரென்று மேலே ஏறியது.

"விடுடா, கயிறை விடு!" என்றாள்.

மணியடிக்க வருபவன் முதலில் கற்கும் பாடமே அதுதான். ஆனால் பெர்சிவல் பார்த்துக்கொண்டிருந்தான். டங்கன் விடவில்லை. கயிற்றோடு கூரைவரை போய், தனியாகத் தரைக்கு வந்தான்.

டாம்சின் மண்டியிட்டு அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள். பெர்சிவலின் முகம் சுண்டியது. அந்த அரை நிமிடம் டங்கனுக்கு வலியே தெரியவில்லை.

"எலி பயந்து ஓடிடுச்சு போல" என்றவள், நிமிராமலே, "பெர்சி, சனிக்கிழமை கயிறு உன்னோடது" என்றாள்.

சனிக்கிழமை நாக்குகளை அவிழ்த்திருந்தார்கள். கையைத் தூளியில் போட்டுக்கொண்டு டங்கன் கல்லறைத் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டாம்சினின் மணியோடு பெர்சிவலின் மணி ஒருமுறையாவது பிசகாதா என்று கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

பிசகவில்லை.