அணைத்த பிறகும் இருக்கும் சூடு

இளங்கோவன் கொடுத்த இரண்டு பக்கத் தாளை வாசித்துக்கொண்டே வந்த ஜெபசெல்வி, ஏழாவது வரியில் நின்றுவிட்டாள்.

‘சுவிட்சை அணைத்தால் போதும், உலை உடனே குளிர்ந்துவிடும். வீட்டில் விளக்கை அணைப்பதைப் போலத்தான்.’

“சார், குளிராதே” என்றாள்.

இளங்கோவன் அணு ஆய்வு நிலையத்தின் இயக்குநர். நல்ல மனிதர் என்றுதான் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அன்றும் நல்லவிதமாகத்தான் சிரித்தார்.

“ஜனங்களுக்குப் புரியணும் இல்லையா? எளிமையா எழுதியிருக்கோம், அவ்வளவுதான்.”

“இது எளிமை இல்ல சார். தப்பு.”

“நீங்க தோணிரேவுல பொறந்தவங்க. இதையே உங்க ஊர் பாஷையில நீங்க சொன்னா எடுபடும். நான் போய் நின்னா எவன் கேப்பான்? சனிக்கிழமை வந்து இந்த ரெண்டு பக்கத்தைப் படிங்க. போதும்.”

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவை ஒட்டி, பழைய உப்பளம் ஒன்றை நிலையம் வாங்கியிருந்தது. அங்கே புதுவகை அணு உலை ஒன்றைக் கட்டுவது திட்டம். கட்டுவதற்கு முன்னால் ஊர்மக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அந்தக் கூட்டம் சனிக்கிழமை. அதில் நிலையத்தின் சார்பில் பேச, பன்னிரண்டு விஞ்ஞானிகளில் ஜெபசெல்வியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் ஒரு மாநாட்டுக்குக்கூட அவளை அனுப்பாதவர்கள்.

அந்த ஆறு வருடமும் ஒரு பீரோ அளவுள்ள கருவியோடுதான் அவள் வாழ்ந்திருக்கிறாள். அதற்குள் யுரேனியக் கம்பிகள் அடுக்கியிருக்கும். தானாக எரிவதற்குப் போதாத அளவு. வெளியிலிருந்து நியூட்ரான்களைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தினால் உள்ளே கொஞ்சம் பெருகும். செலுத்துவதை நிறுத்தினால் கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும். எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதை அளந்து, தானாக எரியும் எல்லைக்கு உலை எவ்வளவு கீழே நிற்கிறது என்று சொல்வதுதான் அவள் வேலை. இதே தத்துவத்தில் பெரிதாக ஒன்று கட்டினால், மற்ற அணு உலைகள் விட்டுவைக்கும் ஆயிரக்கணக்கான வருடம் நீடிக்கும் கழிவை எரித்துக் குறைக்கலாம். அதை அவள் மனதார நம்பினாள். யாருக்காகவும் போட்ட வேஷமில்லை.

ஆனால் பீரோ அளவுக் கருவியில் சூடு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஏரிக்கரையில் வரப்போவது பத்து மெகாவாட். அதில் அணுக்கள் பிளக்கும் சங்கிலி வினை நின்றாலும் சூடு நிற்காது. இது இளங்கோவனுக்குத் தெரியாத விஷயமா என்ன?

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வியாழக்கிழமை விடுப்பு போட்டுவிட்டு ரயிலேறி, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தெருமுனையில் கோதண்டம் நின்றிருந்தார். உலை எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்கப் போனவர். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் அவள் காதில் விழும்படியே சொன்னார்.

“ஸ்டீபன் பொண்ணு வந்துக்கினுகீது பாரு. நம்மளையெல்லாம் வித்துட்டு ரசீது வாங்கறதுக்கு.”

ஜெபசெல்வி நின்றாள். “மாமா, இன்னா சொன்னீங்க? மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் பார்க்கவில்லை. அவள் நடந்தாள்.

அப்பா ஸ்டீபன் வீட்டு வாசலில் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். மகளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“நீ அவங்க ஆளா வந்தியா, என் பொண்ணா வந்தியா?”

“ரெண்டுமாத்தான் வந்தேன் நைனா.”

“அது எப்டி ரெண்டுமா வர்றது?” ஸ்பேனரைக் கீழே போட்டார். “சரி, நேரா கேக்கறேன், நேரா சொல்லு. அது வெடிக்குமா?”

“குண்டு மாதிரி வெடிக்காது. சத்தியமா வெடிக்காது. வெளிய இருந்து நாம தள்ளிக்கினே இருந்தாத்தான் அது ஓடும். தள்றதை நிறுத்தினா எரியறது நின்னுடும்.”

“அப்போ நிறுத்தினா ஒரு பிரச்சினையும் இல்லியா?”

அவள் பைக்குள் இருந்த ஏழாவது வரி அந்த இடத்தில்தான் வரவேண்டும். அவள் இன்ஜினைக் காட்டினாள்.

“இதை நிறுத்தின உடனே மேல கை வைப்பியா?”

“தோலு உரிஞ்சிடும்.”

“அது மிச்சச் சூடு. கொஞ்ச நேரத்துல ஆறிடும். ஆனா உலைக்குள்ள அப்டி இல்ல நைனா. நிறுத்தின பெறவும் உள்ள புதுசா சூடு பொறந்துக்கினே இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறையும். நாள் கணக்குல தண்ணி காட்டிக்கினே இருக்கணும்.”

“தண்ணிக்கு?”

“ஏரியிலேர்ந்து குழாய்.”

ஸ்டீபன் அவளையே பார்த்தார். பிறகு பெரிய கேள்வி எதுவும் கேட்காதவர் போலச் சாதாரணமாகக் கேட்டார். “சித்திரை வைகாசியில முகத்துவாரம் தூர்ந்து போயிடுமே. அப்போ தண்ணிக்கு எங்க போவாங்க?”

முகத்துவாரம் மணல் மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது, வெயிலில் ஏரி வற்றும் என்பது இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஜெபசெல்விக்கும் தெரிந்ததுதான். ஏரி வற்றுவதையும் உலையின் தண்ணீர்த் தேவையையும் சேர்த்து அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கைப்பேசியில் திட்ட அறிக்கையைத் திறந்தாள். நானூறு பக்கம். குழாய் போடும் இடத்தில் நீரின் ஆழம் ஒன்றரை மீட்டர் என்று இருந்தது. அளந்த மாதம் டிசம்பர். வேறு எந்த மாதமும் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: உலை ஓடும் நேரத்தில் மட்டுமே ஏரி நீர் எடுக்கப்படும்.

“மழை முடிஞ்ச கையோட வந்து அளந்துக்கினு போயிருக்காங்க” என்றாள். “நைனா, இன்ஜினை மாட்டு. அந்த இடத்துக்குப் போவணும்.”

“இன்ஜின் எதுக்கு? அங்க இப்போ கோல் ஊனிக்கினுதான் போவணும்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனார்கள். குழாய் வரும் இடத்தில் நிலையம் ஒரு சிமென்ட் கம்பம் நட்டிருந்தது. கம்பத்துக்கு நூறடி முன்னாலேயே படகு தரை தட்டியது. ஜெபசெல்வி சுடிதாரை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். தையல்கார அளவு நாடாவை மூங்கிலில் கட்டியிருந்தாள். கம்பத்தைச் சுற்றி இருபது இடத்தில் ஊன்றி அளந்தாள். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல அப்பா நோட்டில் எழுதினார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை பார்த்தாள். கூடினபட்சம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இத்தனைக்கும் வைகாசி இன்னும் பிறக்கவில்லை. கம்பம் தெரியும்படி, நாடா தெரியும்படி, அன்றைய செய்தித்தாளையும் சேர்த்துப் பிடித்துப் படமெடுத்தாள்.

கரைக்கு வந்ததும் இளங்கோவனுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஜெபசெல்வி, தண்ணி இன்ஜினியரிங் பிரிவோட வேலை. நீங்க நியூட்ரானைப் பாருங்க.”

“அந்த ஏழாவது வரி என் வேலைதானே சார்? அதையாவது எடுத்துடலாமா?”

“அச்சாகிப் போச்சு. மந்திரி ஆபீசுக்கும் போயாச்சு.” குரலை இறக்கினார். “உங்க ஒப்பந்தம் ஜூன்ல முடியுது. ஞாபகம் இருக்கு இல்ல?”

“நல்லா இருக்கு சார்” என்று வைத்துவிட்டாள். பயம் இல்லை. ஒரு மனிதரை ஆறு வருடம் மதித்த பிறகு இப்படிக் கேட்க நேர்ந்ததே என்ற ஆத்திரம்.

அன்று சாயங்காலமே பழவேற்காட்டுக்குப் போய், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, சூட்டுக் கணக்கையும் ஆழத்தின் அளவுகளையும் ஒரு பக்கத்துக்கு டைப் செய்தாள். கீழே பெயர், பதவி, கையெழுத்து. மூன்று நகல் எடுத்தாள்.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தோணிரேவும் சுற்றுக் குப்பங்களும் திரண்டு வந்திருந்தன. மேடையில் நடுவே மாவட்ட வருவாய் அதிகாரி மோகனப்பிரியா. அவருக்கு இடப்பக்கம் இளங்கோவன். ஜெபசெல்வியின் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசையிலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. “துரோகி” என்று யாரோ கத்தினார்கள். அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். இளங்கோவன் கொடுத்த தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“என் பேரு ஜெபசெல்வி. தோணிரேவு ஸ்டீபன் பொண்ணு. இந்த உலைக்கான சோதனையில ஆறு வருஷமா வேலை பார்க்கறேன். முதல்ல நம்ம ஊருக்கு ஒண்ணு சொல்றேன். இது அணுகுண்டு இல்ல. தானா எரியவும் முடியாது. கெட்ட காரியத்துக்காகச் செய்யற ஆராய்ச்சியும் இல்ல. தெருவுல ஒட்டின நோட்டீசுல பொறக்கற பிள்ளைக்கெல்லாம் ரெண்டு தலைன்னு படம் போட்டிருக்கீங்களே, அது பொய்.”

கோதண்டம் துள்ளி எழுந்தார். “இறங்குடி கீழ! அவன் எழுதிக் குடுத்ததைப் படிக்க வந்துட்டா!”

“உக்காருங்க மாமா!” மைக் கிரீச்சிட்டது. “எழுதிக் குடுத்தது இதோ மேஜையில கவுந்து கெடக்குது. நான் பேசறது என் பேச்சு. முடிக்கிற வரைக்கும் உக்காருங்க. அப்புறம் என்னை என்ன வேணா திட்டுங்க.”

கோதண்டம் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைதானம் அடங்கியது.

“இப்போ எங்க நிலையத்துக்குச் சொல்றேன்.” அவள் மேடைப் பக்கம் திரும்பினாள். “சுவிட்சை அணைச்சா உலை உடனே குளிர்ந்துடும்னு அச்சடிச்சுக் குடுத்திருக்கோம். அதுவும் பொய். ஓடும்போது நூறு பங்கு சூடுன்னா, நிறுத்தின நிமிஷத்துல ஆறு பங்கு இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு பங்கு. ஒரு நாள் கழிச்சும் அரைப் பங்கு. அரைப் பங்குதானேன்னு நினைக்காதீங்க. இருபத்தஞ்சு கரண்டு அடுப்பு நிக்காம எரியற சூடு அது. அதுக்குத் தண்ணி வேணும். அறிக்கையில ஆழம் ஒன்றரை மீட்டர்னு இருக்கு. அது டிசம்பர் கணக்கு. நேத்து நானே இறங்கி அளந்தேன். முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.”

“மேடம்,” இளங்கோவன் எழுந்து அதிகாரியிடம் சொன்னார், “இது அவங்க தனிப்பட்ட கருத்து. நிலையத்துக்கும் இதுக்கும்…”

“கருத்து இல்ல சார், அளவு” என்றாள் ஜெபசெல்வி. “தப்புன்னா வாங்க, இப்பவே போய் அளப்போம். படகு கரையில நிக்குது.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. இளங்கோவன் மெல்ல உட்கார்ந்தார்.

மோகனப்பிரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொன்னதை எழுத்துல குடுக்க முடியுமா?”

“கையெழுத்தோட கொண்டு வந்திருக்கேன் மேடம். நடவடிக்கைக் குறிப்புல ஒரு எழுத்து விடாம சேர்க்கணும்.”

அதிகாரி அந்தப் பக்கத்தைப் பொறுமையாக வாசித்தார். இளங்கோவனிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் சொன்ன பதில் மைக்கில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரி அறிவித்தார்: கோடைக்கால அளவுகளும், நிறுத்திய பிறகான குளிரூட்டும் ஏற்பாடும் அறிக்கையில் சேரும்வரை இந்தக் கூட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படாது.

திங்கட்கிழமை காலை நிலையத்தின் வாயிலில் அவளுடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலாளி சங்கடத்தோடு நெளிந்தார். “மேலிடத்து உத்தரவும்மா.”

“உத்தரவை எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. காரணம் போட்டு. வாங்கிக்கிட்டுப் போயிடறேன்.”

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியம் நிர்வாக அலுவலர் தமிழ்வாணன் வந்து, மன்னிப்புக் கடிதம் ஒன்று கொடுத்தால் முடிந்துவிடும் என்றார். எந்த வாக்கியத்துக்கு மன்னிப்பு என்று அவள் கேட்டாள். அவர் திரும்பிப் போய்விட்டார். செவ்வாயும் வந்து உட்கார்ந்தாள். புதனும் உட்கார்ந்தாள். அவளோடு வேலை பார்த்தவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். இரண்டு பேர் சாப்பாட்டு இடைவேளையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள்.

உத்தரவு மட்டும் வரவில்லை. காரணம் என்று ஒன்றை எழுதினால், ‘உலையை நிறுத்திய பிறகும் சூடு இருக்கும் என்று சொன்னதற்காக’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட நிலையத்தில் ஒருவருக்கும் துணிவில்லை. வியாழக்கிழமை காலை அட்டையைக் காட்டினாள். கதவு திறந்தது.

ஜூனில் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். இளங்கோவன் அவளைத் தனியாகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அச்சான தாள்கள் கிடங்குக்குப் போயின. புதிதாக அச்சிட்டதில் அந்த ஏழாவது வரி இல்லை. பொறியாளர்கள் நான்கு பேர் வெயிலில் தொப்பியோடு வந்து, ஏரியை மறுபடி அளந்தார்கள். அவர்களைக் கொண்டுபோனது ஸ்டீபனின் படகுதான்.

அன்று சாயங்காலம் அவர் மகளுக்குப் போன் செய்தார்.

“அவங்களுக்கு முப்பத்தாறுதான் வந்துது. உன் கணக்கை விடக் கம்மி.”

“நோட்டுல எழுதி வச்சியா?”

“எழுதிட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவங்க எங்கேர்ந்து தண்ணி கொண்டாந்தாலும் அந்த உலை எங்க ஏரிக்கரைல வேணாம்னுதான் நான் சொல்வேன். அடுத்த கூட்டத்துல மேடையேறியே சொல்வேன்.”

“சொல்லு நைனா. நான் இந்த ஆராய்ச்சி வேணும்னு சொல்வேன். உன் பக்கத்துலயே நின்னு சொல்வேன்.”

“ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினு நின்னா ஊரு சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டுமே” என்றாள் ஜெபசெல்வி. “பொய் சொல்லாம சண்டை போடுவோம்.”