திட்டிய சத்தத்திலேயே ஒரு மன்னிப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்தது. தவக்காலத்தின் மூன்றாவது திங்கட்கிழமை காலை, பெலார்மினோ தன் வண்டியை என் வாசலில் நிறுத்தினான். கூரையில் நான்கு ஒலிபெருக்கிகள், பின்னால் விற்பனைக்கு வாழைக்காய்த் தார்கள். இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு மன்னிப்பு எழுதிக் குடுங்க."

"யாருகிட்ட கேக்கறதுக்கு?"

"ஊருகிட்ட. முக்கியமா எங்க அக்காகிட்ட."

ஏன் என்னிடம் வந்தான் என்று கேட்பீர்கள். நான் முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.*

* ஒலிபெருக்கியில் படிக்கப்போகிற காகிதத்துக்குக் கையெழுத்து அழகு எதற்கு என்று யோசிக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கதை இன்னும் கிளம்பவே இல்லை.

2

முதல் தொடக்கம்: "பெலார்மினோ பிறந்தவுடன் அழுத அழுகையில் மருத்துவச்சிக்கு இடது காது போயிற்று. பக்கத்து ஊர்க் கோயில்காரர் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று பதறி ஓடிப்போய் மணியடித்தார்..."

நடந்தது இதுதான். ஆனால் நம்ப மாட்டீர்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பிளவுண்டு கிடக்கும் நம் காலத்தில், ஒரு தனிமனிதனின் மனசாட்சியானது—"

இதை எழுதும்போதே எனக்குக் கண்ணைச் சுழற்றியது. படிக்கிற உங்கள் கதியை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்:

வேலி இயக்கம் என்று ஒன்று தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது. அதன் தலைவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. நாட்டைச் சுற்றி வேலி போட்டால் எல்லாக் கஷ்டமும் தீரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்கள் தீவில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் ஹைத்தி, மற்றபடி சுற்றிலும் கடல்தானே என்று யாரோ கேட்டார்கள். "கடலுக்கும் போடுவோம், மீன்கள்கூட நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன" என்றார். கைதட்டல் அடங்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.*

* ஆமாம், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வழியோடு போனவன் சற்று நின்றேன். நாற்காலி கொடுத்தார்கள். மேடையில்.

அன்றிலிருந்து ஊர் இரண்டாயிற்று: வேலிக்கு உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தொண்டை பெலார்மினோ. ஆறு வருஷம், தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தெருத்தெருவாக வண்டியை ஓட்டி, வெளியே இருக்கிற வீடுகளை எண் சொல்லித் திட்டுவான்.

பதினான்காம் எண் அவன் அக்கா ஒனேய்தாவின் வீடு. அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அவனுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக் கொடுத்தவள். அவள் புருஷன் வில்நேர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஹைத்தியில் பிறந்தவர். முப்பது வருஷமாக எங்கள் சந்தையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி பெலார்மினோ தினமும் படித்த வரி இது:

"பதினான்காம் எண்ணில் வேலி விழுந்து கிடக்கிறது, எது வேண்டுமானாலும் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும்."

சொந்த அக்கா வீட்டு வாசலில். ஆறு வருஷம்.

3

ஏன் விலகினான்? இந்த இடத்தில் ஒரு பெரிய காரணம் வைக்க ஆசைப்பட்டேன். [அன்று அவன் கண்ட காட்சி அவன் உள்ளத்தை உலுக்கி—] அப்படி ஒரு காட்சியும் அவன் காணவில்லை. அவன் சொன்ன காரணத்தை அப்படியே வைக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சிவப்பு பீன்ஸ் பாயசம் காய்ச்சுவோம். தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கிராம்பு. மேலே குட்டிக் குட்டிப் பால் பிஸ்கட் மிதக்கும். யாரும் தன் வீட்டுக்கு மட்டும் காய்ச்சுவதில்லை. கிண்ணம் கிண்ணமாகப் போகும், கிண்ணம் கிண்ணமாக வரும். ஆறு தவக்காலமாக ஒனேய்தாவின் கிண்ணம் தம்பி வீட்டுக்கு வரவில்லை. அதுகூட அவனுக்குப் பழகிவிட்டது.

இந்த வருஷம் வேலிக் கமிட்டி ஒரு சுற்றறிக்கை விட்டது: பாயசம் வேலிக்குள்ளேயே சுற்ற வேண்டும். எங்கள் பகுதியில் பெலார்மினோவைத் தவிர உள்ளே இருந்தது பத்து வீடு. அவன் தனிக்கட்டை, எதைக் காய்ச்சினாலும் அடிப்பிடிக்கும். காய்ச்சி முதல் வீட்டுக்குக் கொடுத்தான். அவர்கள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மேலே நாலு பிஸ்கட் வைத்து இரண்டாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் வீட்டார் மூன்றாம் வீட்டுக்கு. வெளியே அனுப்ப வழியில்லையே! ஐந்தாம் நாள் பத்தாம் வீட்டு அம்மாள், "என் கையால காய்ச்சினதுடா தம்பி, சூடு பண்ணிச் சாப்பிடு" என்று ஒரு கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். பத்து அடுக்கு பிஸ்கட். அடியில் அதே தீய்ந்த வாசனை.

"சாப்பிட்டுப் பாத்தேன் வாத்தியாரே. சகிக்கல. அப்பதான் அக்கா பாயசம் ஞாபகம் வந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னைக்கே கமிட்டிக்குப் போயி மெம்பர் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

இது ஓர் ஆழமான குறியீடு என்று அவனுக்கு விளக்கினேன்.

"இல்ல வாத்தியாரே," என்றான். "அடிப்பிடிச்ச பாயசம்."

4

நான் எழுதிக் கொடுத்த மன்னிப்பை முதலில் சின்ன இடத்தில் ஒத்திகை பார்த்தான். தையற்காரி தெலிஸ்போரா அம்மாவையும் அவன் ஆறு வருஷம் திட்டியிருக்கிறான். அவள் மெஷினருகே குனிந்து, காகிதத்தை மெதுவாகப் படித்தான்.

"என்னடா முணுமுணுக்கற? ஜெபமா?"

"மன்னிப்பு கேக்கறேம்மா."

"திட்டும்போது ஆத்தங்கரை வரைக்கும் கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் காதுக்குள்ள ரகசியமா? நமக்குள்ள என்ன கள்ளக்காதலா? போ, வண்டில ஏறு. நாலு குழாயையும் போடு. அதே தெரு, அதே அஞ்சு மணி, அதே சத்தம். ஒரு நூல் கொறஞ்சாலும் செல்லாது."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு ஊரே பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தது. மன்னிப்புக் கேட்கப்பட்டவர்கள் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். இது பொறுக்கவில்லை முடிதிருத்தும் எவரிஸ்தோவுக்கு. வண்டியை மறித்துக்கொண்டார்.

"என்னை எப்ப கேக்கப்போற?"

"உங்களை நான் திட்டவே இல்லையேண்ணே."

"அதான் கேக்கறேன். ஏன் திட்டல? ஆறு வருஷம் இந்த ஊர்ல நான் ஒரு ஆளா தெரியலயா ஒனக்கு?"

கடைசியில் புதன்கிழமை எவரிஸ்தோவைத் திட்டிவிட்டு வியாழக்கிழமை மன்னிப்புக் கேட்பது என்று பேசி முடித்தார்கள். வசவையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆகிறது. வசவு அரை மணியில் வந்துவிட்டது. காரணத்தை நான் ஆராயவில்லை. நீங்களும் விட்டுவிடுங்கள்.

5

வில்நேரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவர் ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். கண் கலங்கினார், தோளில் கை போட்டார். [மன்னிப்பது என்பது மனித—] என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நல்லவேளை, அதற்குள் அடித்துவிட்டேன். திட்டு வாங்கியவன் உத்தமனாகவும் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? வில்நேர் தோமினோ ஆட்டத்தில் காய் ஒளிப்பார். தான் விடுகிற குறட்டைக்கு ஒனேய்தாவைக் குற்றம் சொல்வார்.

இன்னொரு திருத்தம். அந்த வரைவில் ஒலிபெருக்கி மிகச் சரியாகப் பதினான்காம் எண் வாசலில் போய்ச் செத்தது. உண்மையில் அது செத்தது மூன்று தெரு தள்ளி, இறைச்சிக் கடை முனையில், "மன்னிக்க" என்பதற்கும் "வேண்டும்" என்பதற்கும் நடுவில். எங்கள் ஊரில் அதைப் பிழைக்க வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பெலார்மினோ ஒலிபெருக்கிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனான்.

"யாரு?" என்றார் வில்நேர், யாரென்று நன்றாகப் பார்த்துக்கொண்டே.

"நான்தான் அத்தான்."

"அத்தானா? ஆறு வருஷமா எனக்கு வேற பேருல்ல இருந்துச்சு!"

பெட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "ரெண்டாவது குழாய்ல ஒரு கரகரப்பு. ஆறு வருஷமா கேக்கறேன். நீ வாசல்ல நின்னு கத்துவ, உங்கக்கா உள்ள அழுவா. எனக்கு அந்தக் கரகரப்பைக் கேட்டாலே கை அரிக்கும். ஓடிவந்து மொதல்ல அதைச் சரிபண்ணிட்டு, அப்பறம் ஒன்னை அடிக்கலாம்னு இருக்கும்."

"இப்ப அடிங்க அத்தான்."

"கையில பழுக்கக் காய்ச்சின இரும்பு இருக்கு மச்சான். இந்த நேரத்துல ஆசை காட்டாத."

கம்பியைப் பற்றவைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "வேலி விழுந்து கிடக்குதுன்னு ஒரு வரி. அது யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீயா? வாழைக்காய்னு ஒரு போர்டு எழுதச் சொன்னா ஒனக்கு மூணு நாள் ஆவும். அது படிச்ச ஆளு எழுதினது. எங்க குத்தினா உள்ள போகும்னு தெரிஞ்சு குத்தினது."

பெலார்மினோ புகையையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

(இதை அவனே வந்து எனக்குச் சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் என் வீட்டு மாமரத்தைப் பார்த்தான். மாமரத்தில் அன்று ஒன்றும் விசேஷமில்லை.)

6

பெரிய வியாழன், சாயங்காலம் ஐந்து மணி. வண்டி பதினான்காம் எண் வாசலில் நின்றது. கரகரப்பு துளியும் இல்லை. பெலார்மினோ என் காகிதத்தைப் படித்தான். அதுதான் நான் எழுதியதிலேயே சிறந்தது. தெலிஸ்போரா அம்மா மூக்கைச் சிந்தினாள். கதவு திறந்தது. பாயசம் கிளறுகிற கரண்டியோடு ஒனேய்தா வெளியே வந்தாள். அவளுக்கு மைக் தேவையில்லை; அந்தக் குடும்பத் தொண்டை.

"போதும், நிறுத்துடா. நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல. அன்னைக்குத் திட்டினதும் இதே மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு."

"அக்கா..."

"ரெண்டும் ஒரே கை. நீ வெறும் குழாய்டா. குழாய்கிட்ட கோவப்பட்டு நான் என்ன பண்ண? எழுதினவனைக் கூட்டிட்டு வா. அவன் வாயால, இதே சத்தத்துல சொல்லட்டும். அப்பறம் கிண்ணத்தைப் பத்திப் பேசலாம். யாருடா அது?"

நாற்காலிகள் எல்லாம் ஓர் அடி முன்னால் நகர்ந்தன. பெலார்மினோ மைக்கை அணைத்தான்.

"சொல்ல மாட்டேன்க்கா. அவரா வரணும்."

கதவு சாத்திக்கொண்டது. கிராம்பு வாசனை மட்டும் தெருவில் நின்றது. ஈஸ்டர் வந்துவிட்டால் பிறகு அடுத்த வருஷம்தான் பாயசம். மிச்சமிருப்பது இரண்டு நாள்.

7

முதல் அடிக்குறிப்பிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த வரியை எழுதியவன் நான். ஆறு வருஷத்தில் முதல் நாலு வருஷம் எல்லாத் தாள்களும் என்னுடையவை. பிறகு நானும் விலகிவிட்டேன். ஆனால் பெலார்மினோ மாதிரி கார்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு முட்டி வலி வந்துவிட்டது. நடந்தால் வலிக்காது, கூட்டத்துக்குப் போக நினைத்தால்தான் வலிக்கும். நான் போன பிறகும் என் வரியை அவன் இரண்டு வருஷம் படித்தான். தினம் ஐந்து மணிக்குக் காபி குடித்தபடி கேட்பேன். வரி நன்றாக இருக்கிறது என்று தோன்றும். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தொடக்கங்களைச் செலவழித்திருக்கிறேன்.

முடிவுகள்:

(அ) வாத்தியார் ஊரைவிட்டு, நியூயார்க்கில் இருக்கும் மகளிடம் போய்விடுகிறார். பனி பெய்கிறது. [கதை சுபம்—] எனக்குக் குளிர் ஆகாது.

(ஆ) வாத்தியார் செத்துப்போகிறார். தலையணைக்கடியில் மன்னிப்புக் கடிதம். ஊரே அழுகிறது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்து, நாலு பக்கம் எழுதினேன். என் சவ ஊர்வலத்தில் எவரிஸ்தோ தேம்பித் தேம்பி அழுகிறார். ஒரே குறை: பெலார்மினோவுக்குக் கிண்ணம் வருவதில்லை.

(இ) இதுவரை படித்தது நேற்று எழுதியது. இனி வருவதை வண்டியில் உட்கார்ந்து, வாழைக்காய் சுற்றிய காகிதத்தில் எழுதுகிறேன். குலுங்குவதால் கையெழுத்து அழகாக இல்லை. பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். அந்த அமைதியில் வண்டி வந்து என் வாசலில் நின்றது.

"முட்டி எப்பிடி இருக்கு வாத்தியாரே?"

"இன்னைக்குப் பரவாயில்லடா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

பதினான்காம் எண். பெலார்மினோ மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, சத்தத்தைக் கடைசிவரை திருகிவிட்டான். எழுதி வைத்த காகிதம் எதுவும் நான் கொண்டுவரவில்லை.

"ஒனேய்தா. வில்நேர். அந்த வரி... நான்தான் எழுதினேன். நல்லா வரணும்னு பாத்துப் பாத்து எழுதினேன். உங்க வீடுன்னு தெரிஞ்சேதான்..."

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் மணியடித்த பிறகும் பேச்சை நிறுத்தாதவன். நான்கு ஒலிபெருக்கிகளும் என் மூச்சை ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோயின. கொஞ்சம்கூடக் கரகரப்பு இல்லை. வில்நேரின் கைவேலை சுத்தம்.

பெலார்மினோ வண்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு காலிக் கிண்ணம்; எப்போது எடுத்துவைத்தான் என்று தெரியவில்லை.

ஜன்னல் கதவில் ஒரு கை தெரிகிறது. கதவு அசைகிறது. திறப்பதற்கா, தாழ் போடுவதற்கா? என் கண்ணுக்கு இந்தத் தூரம் பிடிபடவில்லை. நீங்கள்தான் கிட்டத்தில் இருக்கிறீர்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லலாம், மைக் இன்னும் அணையவில்லை.